பொலி சொன்னதால் நின்றுபோன படம்

இந்த நாட்டில் படம் பார்த்துவிட்டு வந்தால் எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்யும் லின்டா, திங்கட்கிழமையானால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, இதில் எத்தனை என்பாள். எங்கள் ஊரில் அப்படி எண்ணிப் பழக்கமில்லை. இலங்கையில், மாத்தளை டவுனில் படம் பார்த்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் நாங்கள் நாயகனைத் திட்டுவோம், சண்டைக் காட்சியைக் கேலி செய்வோம், இறங்கும்போது "நாளைக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க" என்போம். குறை சொன்ன படத்தைக் கைவிட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன சனிக்கிழமை இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் கொடுத்த படத்தைப் போட்டார்கள். எங்கள் மலைப் பக்கத்துப் பிள்ளைகள் எடுத்தது. அதில் குறை நிறைய உண்டு. மழையில் ஓடிவரும் நாயகனின் சட்டை காய்ந்திருக்கிறது. லக்கல ஊருக்குள் யானை வருகிறது என்று எல்லோரும் அலறுகிறார்கள், கடைசிவரை ஒரு வாழைமரம்தான் ஆடுகிறது. நானே சிரித்தேன்.

ஆனால் கொழுந்து பறிக்கும் காட்சி ஒன்று வரும். என் தங்கை செல்வியும் அதில் இருக்கிறாள். நடிகைகள் இல்லை, எல்லோரும் தோட்டத்துப் பெண்கள். முன்னால் நின்று நாயகன் வசனம் பேசும்போது சத்தம் போடாமல் பறிக்கச் சொன்னார்களாம். "பொலி சொல்லாம கொழுந்துல கை வைக்க மாட்டோம், தம்பி" என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். விளைச்சல் பெருகட்டும் என்று பொலி சொல்லித்தான் எங்கள் மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளுவார்கள். நானும் அப்படிக் கிள்ளியவள்தான். அதனால் படத்தில் "பொலியோ பொலி" என்று மலை முழுக்கக் கேட்கிறது. வசனம் அதில் மூழ்கிப் போகிறது. அந்தப் பிள்ளைகள் அதை வெட்டாமல் விட்டார்களே, அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

மண்டபத்தில் ஒருவர், "இதென்ன, மீன் சந்தையோ?" என்றார். சிரிப்பு பரவியது. யாழ்ப்பாணத்துக்காரரான செயலாளர் எழுந்து வந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அவன் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை. வேற படம் போடுவம்."

கூட்டத்தில் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். "அவன் பேசுறது போகட்டுங்க. அந்தப் பொம்பளைங்க சத்தம்தாங்க படம். கடைசிவரைக்கும் போடுங்க."

"சனம் எழும்புது அக்கா" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அடுத்து வந்த படத்திலும் தேயிலை மலை இருந்தது. தலை நிறைய மல்லிகையோடு நாயகி காலிக் கூடையைச் சுமந்து ஆடினாள். கூடை ஏன் காலி என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தது, அது போதுமாம். எங்கள் மலையைப் பார்க்க இவர்களுக்கு ஆசை, அங்கே இருப்பவர்களின் குரல் மட்டும் இடைஞ்சல்.

மறுநாள் செல்வி ஊரிலிருந்து போன் எடுத்தாள். "எல்லாரும் கடைசிவரைக்கும் பாத்தாங்களாக்கா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாதியில நிப்பாட்டிட்டாங்கடி. உங்க சத்தத்துல வசனம் கேக்கலையாம்."

அவள் கேட்டாள்: "நம்ம டவுன் தியேட்டர்ல கரண்ட் போனாக்கூட ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்களே. அங்க இருக்கவங்களுக்கு அவ்வளவு அவசரமா?"

திங்கட்கிழமை லின்டா விரல்களை விரித்தாள். ஐந்தையும் தொட்டுக் காட்டினேன். அவ்வளவு நல்ல படமா என்றாள். இல்லை, நிறையப் பிழை இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் அதற்குமேல் இங்கிலீஷ் இல்லை. இயந்திரம் நின்றது. கதவைத் திறந்தேன். ஈரத் துணி மலைபோலக் கிடந்தது. முதல் விரிப்பில் கை வைக்கும்போது "பொலி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று லின்டா திரும்பிப் பார்த்தாள்.