தாராவுக்காகத் தம்பியை விட்டவள்

ஊரில் தாரா என்று சொல்லுகிற வாத்தின் குஞ்சு வேண்டுமென்று அடம்பிடித்தவள் நிருஷா. மொன்றியல் தீவுக்கு வெளியே ஏதோ ஒரு பண்ணைக்குக் காரை ஓட்டிப்போய், அட்டைப்பெட்டியில் ஐந்து குஞ்சுகளை வாங்கி வந்தவன் அவளுடைய தகப்பன் மகேந்திரராசா. வளர்க்கும் வேலை சிவநேசத்தின் தலையில் விழுந்தது.

சிவநேசம் மகேந்திரராசாவின் அக்கா. கல்யாணம் செய்யாதவள். தொண்ணூற்றெட்டில் தம்பி ஸ்பொன்சர் செய்து கூப்பிட, அவள் ஊரிலிருந்து மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது நிருஷா தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். வந்த மறுவாரமே தம்பியின் மனைவி யோகராணி வேலைக்குப் போகத் தொடங்கினாள். "மச்சாள் இருக்கேக்க பிள்ளையை ஏன் காசு குடுத்துக் கார்டெரியில பாக்க விடுவான்?" என்று எல்லோரிடமும் சொன்னாள். அதன்பிறகு கார்ட்டியர்வில்லில் இருந்த அந்த வீட்டின் சமையலும், துவைப்பும், நிருஷாவும், அவளுக்குப் பிறகு பிறந்த பிள்ளையும் சிவநேசத்தின் பொறுப்பு. பேஸ்மென்டில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை. பிள்ளைகள் வளர்ந்து தங்களுக்குள் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கியபிறகு, அந்த வீட்டில் தனக்கு இனி என்ன வேலை என்று அவளுக்கே பிடிபடவில்லை. அந்த நேரத்தில்தான் தாராக்கள் வந்தன.

முதல் கோடை முழுவதும் அவை மகேந்திரராசாவின் பெருமை. பின்வளவில் இறைச்சி சுடுகிற நாட்களில் வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவான். பிள்ளைகள் குளித்து விளையாடிய பிளாஸ்டிக் தொட்டியில் அவை நீந்துவதைப் பார்த்து, "இப்ப நாங்களும் கமக்காரர்தான்" என்று சிரிப்பான். நகரத்துக்குள் இப்படி வளர்க்கலாமா என்று யாரும் விசாரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரிகூட, பின்னாளில் தனக்கும் முட்டை கிடைக்குமென்ற ஆசையில் வாயைத் திறக்கவில்லை. இலையுதிர்காலம் வந்தது. நிருஷாவுக்குத் தாரா சலித்துப்போயிற்று. தகப்பனுக்கு அதற்கு முன்னமே சலித்துவிட்டது.

பனி விழுந்ததும் சிவநேசம் பயந்துபோனாள். புல்வெட்டும் இயந்திரம் வைக்கிற மரக்கொட்டிலைத் தாராக்களுக்கு ஒதுக்கி, காற்று வருகிற இடுக்கையெல்லாம் பழந்துணியால் அடைத்தாள். தனக்குக் குளிர்ந்ததுபோலத்தான் அவற்றுக்கும் குளிரும் என்று நினைத்தாள். சில நாளில் கொட்டிலின் உட்சுவரில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. வைக்கோல் நசநசவென்று ஈரம். ஒரு தாராவின் விரல்நுனிகள் கறுத்துப்போயிருந்தன. அது நொண்டி நொண்டித் திரிந்து ஒரு மூலையில் செத்தது. அதைத் தூக்கிக் குப்பைப் பையில் போட்டபோதுதான் அவளுக்கு விளங்கியது. குளிரை அவை தாங்கும். ஈரத்தைத் தாங்காது. அவற்றின் மூச்சே வெளியேற வழியில்லாமல் அவற்றின் காலில் பனியாக இறங்கியிருக்கிறது. கூரையோரத்துத் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். அதன்பிறகு தினமும் ஈர வைக்கோலை வாரிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினாள்.

தண்ணீர்தான் பெரும்பாடு. தாராவுக்குத் தண்ணீர் இல்லாமல் தீன் இறங்காது. மூக்குவரை அலகை அமிழ்த்திக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தீன் மூக்குத்துளையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அவள் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அது உறையத் தொடங்கிவிடும். பிறகு சுத்தியலால் பனிக்கட்டியை உடைத்துக் கொட்டிவிட்டு, மறுபடியும் குசினிக்கும் கொட்டிலுக்குமாக நடை.

"மச்சாள், நிலமெல்லாம் சேறு. நான் வேலையால வந்து துடைக்கவேண்டிக் கிடக்கு" என்பாள் யோகராணி. அவள் துடைத்ததைச் சிவநேசம் ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டாம் குளிர்காலத்துக்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாய்க்குத் தண்ணீர் வைக்கிற, மின்சாரத்தில் சூடாகும் சட்டி ஒன்று இரும்புக்கடையில் இருந்தது. வாங்கிவந்தாள். வீட்டின் வெளிச்சுவரில் ஒரேயொரு பிளக் இருந்தது. அதிலிருந்து கொட்டில்வரை வயரை இழுத்துவிட்டாள். தண்ணீர் உறையவில்லை. நான்கு தாராக்களும் தலையை முக்கி முக்கி எடுத்து உடம்பெல்லாம் தெளித்துக்கொண்டதை, மூக்கு விறைக்கும்வரை நின்று பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவளாக யோசித்து, அவளாகச் செய்து, சரியாக வந்த முதல் காரியம் அது.

தை மாதத்தில் ஒரு காலை, வைக்கோலை வாரப்போனவள் படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து கை கோணலாகத் தொங்கியது. மகேந்திரராசா அவளைக் காரில் ஏற்றினான்.

"தம்பி, தாராவுக்குத் தண்ணி..."

"ஓம் ஓம், நான் பாக்கிறன். நீங்கள் முதல்ல கதவைச் சாத்துங்கோ."

எலும்பைத் தகடு வைத்துப் பொருத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சில நாள் மறித்துவிட்டார்கள். அந்த நாட்களில் அவ்வளவு குளிர். யன்னல் கண்ணாடியின் உட்புறம்கூடப் பனி படர்ந்தது. தம்பி பார்க்க வந்தபோதெல்லாம் கேட்டாள். "எல்லாம் நல்லாய்த்தான் இருக்குதுகள்" என்றான்.

வீடு திரும்பியதும், கையில் மாவுக்கட்டோடு நேரே பின்வளவுக்குப் போனாள். கொட்டிலுக்குப் போகும் வயரின் தலை பனிமேல் கிடந்தது. சுவரிலிருந்த பிளக்கில் வேறொரு வயர். மகேந்திரராசாவின் புதுக் காரின் எஞ்சின் உறையாமல் சூடாக்குகிற வயர் அது.

கொட்டில் கதவு உறைந்து இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள். சட்டியில் தண்ணீர் கண்ணாடிக் கல்லாகக் கிடந்தது. பக்கத்தில் தீன் மலையாகக் கொட்டிக்கிடந்தது. இரண்டு தாராக்கள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்தபடி விறைத்துப் போயிருந்தன. தொண்டை புடைத்திருந்தது. மற்ற இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மூலையில் நின்றன. அவற்றின் மூக்கைச் சுற்றித் தீன் சாந்துபோல அப்பி உறைந்திருந்தது. அவளைக் கண்டும் கத்தவில்லை.

மகேந்திரராசா பின்கதவில் வந்து நின்றான்.

"வயரை ஏன்டா கழட்டினனி?"

"காலமை கார் ஸ்ராட் வராதெல்லோ அக்கா. வேலைக்குப் போக வேண்டாமே?"

"தண்ணி வச்சனியோ?"

"சாப்பாடு அள்ளிப் போட்டனான். வடிவாய்ப் போட்டனான். வேற என்ன குறை?"

"எனக்கும் உதே கதையைத்தானே சொல்லுறனி" என்றாள் சிவநேசம். "சாப்பாடு போடுறன், இருக்க இடம் தந்திருக்கிறன், வேற என்ன குறையெண்டு."

அவன் முகம் இறுகியது. "உந்தப் பறவைக்காக என்னோட உப்பிடிக் கதைக்கிறியள், என்ன?"

அவள் கொட்டிலுக்குள் குனிந்தாள். உயிரோடிருந்த இரண்டையும் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கிப் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய், சலவைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். அப்பியிருந்த தீன் ஊறிக் கரைந்தது. உள்ளே விட்ட தலையை அவை வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

அன்று மாலை யோகராணி மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றாள். "மச்சாள், உதுகளை வீட்டுக்குள்ள வச்சிருந்தா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்."

சிவநேசம் அவளுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் சலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இரு ராணி" என்றாள். "நான் போறன்."

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் திரேசம்மா என்ற கிழவி ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தாள். நல்ல மனுஷி, ஆனால் மூன்றாம் மாடி. தாராவுக்கு இடமில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்தில் கோழி வளர்க்கிற ஒருவர் எடுப்பாராம் என்று திரேசம்மாவின் மருமகன் விசாரித்து, அவளையும் அட்டைப்பெட்டியையும் காரில் கொண்டுபோனான். அந்தப் பண்ணைக்காரர் தாராவைத் தூக்கி, நெஞ்சு இறைச்சியை அழுத்திப் பார்த்தார். பனிக்காலம் முடியட்டும், கொஞ்சம் கொழுக்கட்டும் என்று மருமகனிடம் பிரெஞ்சில் சொன்னார். மருமகன் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினான்.

"விளங்குது" என்றாள் சிவநேசம். பெட்டியைக் கொடுத்தாள். வேறு என்ன செய்ய? வரும்வழி முழுக்க வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கை தேறியதும் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். துவைப்பு அவளுக்குப் புதிதல்ல. இப்போது சம்பளம் உண்டு என்பதுதான் வித்தியாசம். தம்பி ஒருமுறையும் தேடி வரவில்லை. கோயிலில் கண்ட சிலர், "என்ன நேசம், தாராவுக்காகக் கோவிச்சுக்கொண்டு வந்திட்டியாமே?" என்று கேட்டார்கள். அவள் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லப்போனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்கிற பொறுமை அவர்களுக்கு இல்லை.

அடுத்த வருடம் நிருஷா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு அழைப்பிதழ் தபாலில் வந்தது. பிள்ளைக்காகப் போனாள். மண்டப வாசலில் மகேந்திரராசா கோட்டும் சூட்டுமாக நின்றான். "வாங்கோ அக்கா" என்றவன், பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, "இவதான், ரெண்டு தாராவுக்காக என்னை விட்டிட்டுப் போனவ" என்று உரக்கச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். சிவநேசமும் உதட்டை அசைத்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

மேடையில் சிவப்புச் சேலையில் இருந்த நிருஷா அவளைக் கண்டுவிட்டாள். "மாமி!" என்று கையசைத்துக் கூப்பிட்டாள். சிவநேசம் மேடையேறி, அவளுடைய சரிந்திருந்த பூச்சரத்தை நேராக்கிவிட்டாள். அதற்குள் படம்பிடிப்பவன் குரல் கொடுத்தான்.

"முதல்ல குடும்ப ஆக்கள் மட்டும் நில்லுங்கோ. மற்றாக்கள் பேந்து எடுக்கலாம்."

நிருஷா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். மகேந்திரராசா கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்து நின்றான். யோகராணி சேலைத் தலைப்பை விரித்துவிட்டாள்.

சிவநேசம் படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் தன்னுடையதைத் தேடி எடுக்க வெகுநேரம் பிடித்தது. எல்லாம் கறுப்பாகவே இருந்தன.