அருமைநாயகத்தின்ர பன்னிரண்டாம் கொலை

உங்களுக்கேன் பிள்ளையள் இந்த விடுப்புக் கேக்கிற வேலை? போனில உங்கட கொலைக்கதை ஆறாம் பாகம் தொடங்கின உடனே கிழவி ஏன் எழும்பிப் போறா எண்டு கேக்கிறியள், கேட்டுப்போட்டு அந்தப் போனை மட்டும் நிப்பாட்டுறியளில்லை. நிப்பாட்டுங்கோ, சொல்லுறன்.

எனக்குக் கொலைக்கதையெண்டா முதல்ல மூக்கிலதான் வரும். தலைமன்னார் இறங்குதுறையில வேலை செய்த அப்பா, இந்தியாக் கப்பலில வந்த புத்தகத்தைக் கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில வைச்சுக் கொண்டுவருவார், அந்த மணம். "துப்பறியும் அருமைநாயகம்" எண்டு பேர். ரெண்டு மாசத்துக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஒரு கொலை, எங்கட ஒழுங்கையில அஞ்சு வீடும் மாறி மாறி வாசிக்கும்.

எனக்கு மூத்தவ பிலோமினாக்கா. இருதயம் பழுதாகிப் பதினெட்டு வயசில பாயில விழுந்தவ. கஞ்சி குடியெண்டா முகத்தைச் சுழிப்பா, ஆனா புத்தகம் வந்த நாளில "கொலைகாரனைப் பிடிக்கத் தெம்பு வேணும்" எண்டு ரெண்டு கோப்பை குடிப்பா. அம்மா "மடு மாதாவுக்கு அடுத்தது அருமைநாயகந்தான்" எண்டு சொல்லிப்போட்டு, பயந்து சிலுவை போடுவா.

முதல் வந்த புத்தகங்களில அந்தாளுக்கு வயித்துவலி. பிழையான ஆளைப் பிடிச்சுப்போட்டு வெக்கப்படுவார். செத்தவீட்டுச் சமையல்காரியோட இருந்து வெங்காயம் உரிச்சு, அவ புலம்புறதைக் கேட்டுத்தான் கொலைகாரனைப் பிடிப்பார். கொலைகாரன் ஆரெண்டு பிடிபடாம ஏழு தரம் அக்காவை ஏமாத்தினவர். எட்டாவதில கோட்டுப் போட்டார், கார் ஓடினார், துவக்குத் தூக்கிச் சுட்டார். வயித்துவலி சுகமாப்போச்சு, கதைக்கு வருத்தம் பிடிச்சிட்டுது. "கொலைகாரன் மச்சான்தான்ரி, முதல் பக்கத்திலயே பல்லைக் காட்டுறான்" எண்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிட்டா. கஞ்சி ஆடை படிஞ்சு கிடந்தது. ஒன்பதாவதுக்கும் அப்பிடித்தான்.

பத்தாவது வரேக்க அவவுக்கு எழுத்துத் தெரியாமக் கண் மங்கிட்டுது, ரெண்டாம் வகுப்பு மட்டும் படிச்ச நான் எழுத்துக்கூட்டி வாசிச்சனான். எழுத்துக்கூட்டுறவளுக்குப் பொய் சொல்லுறது லேசு, தடுமாறினாலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. புத்தகத்தில கொலைகாரன் சட்டத்தரணி. நான் செத்தவன்ர தாயெண்டு மாத்தினன்.

"எடியே, தாயா!" எண்டு அக்கா எழும்பிக் குந்தினா. மூண்டு நாள் சாப்பிட்டா. பாக்க வந்த பக்கத்து வீட்டு ரோசம்மா மாமிக்கும் "தாய்தான் மாமி, ஏமாந்துபோனன்" எண்டு சொன்னா. மாமி அதை வாசிச்சவ. என்னை ஒரு பார்வை பாத்திட்டு, "ஓம் பிள்ளை, நானும் நினைக்கேல்லை" எண்டா. அதுக்குப் பிறகு ஒழுங்கையே என்ர பக்கம். பதினோராவதில கோயில் மணியடிக்கிற கிழவனைக் கொலைகாரனாக்கினன், அதுவும் ஓடிச்சுது.

பன்னிரண்டாவது வந்த கிழமை தண்ணியும் அள்ளி, மீனும் வெட்டி, எனக்கு மண்டையில ஒண்டும் ஓடேல்லை. திரும்பவும் தாயெண்டு வாசிச்சுப்போட்டன்.

அக்கா கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைச்சா. பிறகு, "அதை எழுதின ஆள் ஏழு புத்தகம் தாங்கினவர். நீ மூண்டாவதிலயே களைச்சிட்டாய்" எண்டா.

"உனக்குத் தெரியுமோ அக்கா?"

"முதல் பொய்யே தெரியும். அது நல்ல பொய், அதாலதான் கஞ்சி குடிச்சனான்." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "பாவம், அந்தாளின்ர வீட்டிலயும் தண்ணி அள்ளோணுமாக்கும்."

சுவர்ப்பக்கம் திரும்பிட்டா. பதின்மூண்டாவதை நல்லா வாசிப்பன், சத்தியமா வாசிப்பனெண்டு அவவின்ர முதுகுக்குச் சொல்லிச் சொல்லி அழுதனான். அடுத்த கப்பல் வர முந்திப் போயிட்டா.

பிறகு கப்பலும் நிண்டுபோச்சு. அருமைநாயகம் எத்தினையாவது கொலையோட நிண்டவரோ தெரியாது. உங்கட போனிலயும் முதல் பாகம் நல்லாத்தான் இருந்தது, நானும் வாய் பிளந்து பாத்தனான். ஆறாவதில எழுதினவன்ர களைப்பு எனக்குக் கேக்குது பிள்ளையள், அதோட இருக்கேலாது.

அண்டைக்கு அக்காவின்ர அடக்கம் முடிஞ்சு வந்து அஞ்சு வீட்டுச் சனமும் எங்கட வீட்டு முத்தத்தில இருந்ததுகள். ரோசம்மா மாமிதான் மெல்லக் கேட்டா, "பன்னிரண்டாவதில கொலைகாரனைப் பிடிச்சவளோ பிள்ளை?"

"இல்லை மாமி" எண்டனான். "அதிலயும் அக்காவுக்குக் கடைசிவரைக்கும் பிடிபடேல்லை."