ஊதாக் கோடு

வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற டாக்டர் நான். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை. ஒரு பழைய கோபால்ட் மெஷின், ஒரு நீள நோட்டு, இவ்வளவுதான் என் ஆராய்ச்சிக்கூடம். யார் எந்த நாள் சிகிச்சைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, அப்புறம் கட்டி திரும்பி வந்ததா. இதைத்தான் நோட்டில் எழுதினேன். ஆறேழு வாரம் விடாமல் கொடுக்க வேண்டிய சிகிச்சை இது. நடுவில் விட்டால் மிச்சமிருக்கிற புற்று அந்த இடைவெளியில் வளரும். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் ஆட்கள் ஏன் விடுகிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மழை, நடவு, மாமனார் காரியம், வாய் வெந்துபோய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை, வரும் வழியில் பஸ் நின்றுவிட்டது.

விட்டவர்களைத் திட்டுவேன். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் திட்டுவேன். பயந்தால் வருவார்கள் என்று நினைத்தேன். வரவும் செய்தார்கள்.

இன்னொரு சண்டை கோட்டுக்காக. இன்றைக்கு நாவலூரிலிருந்தும் படூரிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்கு முகத்துக்கு அச்சு எடுத்து, அந்த அச்சின்மேல் கோடு போடுகிறார்கள். அன்றைக்குத் தோலின்மேல்தான். மேஜையில் படுக்க வைத்து, கழுத்தை நன்றாக நிமிர்த்தி, குச்சியில் பஞ்சு சுற்றி, வாய்ப்புண்ணுக்குப் போடுகிற அந்த ஊதா மருந்தைத் தொட்டு, கன்னத்திலும் கழுத்திலும் பெட்டி வரைவேன். அந்தப் பெட்டிக்குள்தான் கதிர் போகும். சிகிச்சை முடியும்வரை முகத்தில் தண்ணீர் படக் கூடாது. எல்லாரும் அந்த முகத்தோடுதான் பஸ்ஸில் வருவார்கள், போவார்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பளிச்சென்று கழுவிய முகத்தோடு வந்து நின்றார்.

"கோடு எங்கய்யா?"

"பஸ்ல ஒருத்தன் கேக்கறாம்மா, இன்னா அண்ணாத்த, எந்த ஊர்ல கூத்து, வேசத்தோடயே கெளம்பிட்டியான்னு. பேஜாராப் பூடுச்சி. சோப்பு போட்டு ஒரே தேய்."

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "அப்ப கூத்துக்கே போ. உனக்கு இங்க வைத்தியம் கிடையாது. சாகணும்னா வீட்லயே சாவு, என் மெஷினை வீணாக்காதே" என்றேன். அந்த வார்த்தைகள்தான், கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் என் காலைத் தொடப் போனார். மறுபடி படுக்க வைத்துக் கோடு போட்டேன்.

அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு டிராஃப்ட்ஸ்மேனும் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில், குவார்ட்டர்ஸில் இருந்தவர். நாக்கில் புண், இடது கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. கும்பகோணம் பக்கத்து மனிதர், வெற்றிலை சீவலோடு புகையிலை. ஐம்பதைத் தொடவில்லை. குணமாகக்கூடிய நோய் என்று நானே அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லியிருந்தேன்.

"எங்க ஆபீஸ்ல துளி கதிர் பட்டாலும் கூப்பிட்டு வச்சு விசாரிப்பாங்க மேடம். நீங்க தினமும் கூப்பிட்டு வச்சு அடிக்கறீங்க" என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல். ஒரு நாள்கூட விட்டதில்லை. என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே வெறும் டிக்குகள்தான். அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மனிதரைப் பார்த்து அல்ல, வரிசையைப் பார்த்து.

நாலாவது வாரத்தில் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு மறுநாள் நான் டெல்லிக்குக் கிளம்பினேன், ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க. தலைப்பு, சிகிச்சையை நோயாளிகள் ஏன் விடுகிறார்கள் என்பதே. வாரம் ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் மெஷினிலேயே பார்க்க வேண்டியது என் வேலை. மாநாடு முடிந்து, சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, ரயிலில் திரும்பி வருவதற்குள் எட்டு சிகிச்சைகள் போய்விட்டன.

வந்த அன்று அவர் மேஜையில் படுத்திருந்தார். கழுத்தைப் பார்த்தேன். கோடு மயிரிழை மாதிரி இருந்தது. மூலைகள் கச்சிதமான செங்கோணம்.

டெக்னீஷியனைக் கேட்டேன். "யார் போட்டது இது?"

"நீங்கதான்னு நெனச்சேன் மேடம். சூப்பரா இருந்துச்சி."

"என் கோடு என்னிக்காவது நேரா இருந்திருக்கா?"

படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தீபாவளி அன்று விடிகாலையில் அவர் மனைவி தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள். உச்சந்தலையில் மட்டும் ஒரு சொட்டு, சாஸ்திரத்துக்கு. ஒரு சொம்பு வெந்நீர், அதுவும் கழுத்தில் படாமல். ஆனால் எண்ணெய் வழிந்துவிட்டது. துண்டால் ஒற்றியதும் துண்டில் ஊதா, கழுத்தில் ஒன்றுமில்லை. அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பதறவில்லை. முதல் நாளே, மேஜையில் படுத்தபடியே, எனக்குத் தெரியாமல், காது மடலிலிருந்தும் தாடையிலிருந்தும் கோடுகளின் தூரத்தை அளந்து குறித்து வைத்திருந்தார். பழக்கதோஷம். மெடிக்கல் ஷாப்பில் ஊதா மருந்து வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று, ஸ்கேல் வைத்து, டிராயிங் பேனாவால் வரைந்திருக்கிறார்.

அளவெல்லாம் சரி. கழுத்துதான் தப்பு. நான் போட்டது படுத்து நிமிர்ந்த கழுத்தில். அவர் வரைந்தது நின்றுகொண்டு குனிந்த கழுத்தில். நிமிரும்போது தோல் மேலே நகரும், கோடும் கூடவே நகரும். கீழ்க்கோடு ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. கட்டியின் கீழ்ப்பாதி எட்டு நாளும் பெட்டிக்கு வெளியே.

"சொல்றதுக்கென்ன உங்களுக்கு?" என்று கத்தினேன். அப்போதும் கத்தினேன்.

"நீங்க ஊர்ல இல்ல மேடம். இருந்திருந்தாலும்..." என்று நிறுத்தினார். பிறகு, "அந்த லாரிக்காரரை நீங்க பேசினீங்களே, நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றார்.

விட்டுப்போன இடத்துக்குத் தனியாகச் சில நாள் சேர்த்துக் கொடுத்தேன். விட்ட எட்டு நாள் விட்டதுதான், சேர்த்துக் கொடுத்தால் ஈடாகாது. இது என் சொந்த நோட்டு சொன்ன பாடம். அந்த இடத்துத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவர் ஒரு நாளும் விடாமல் வந்தார். கேஸ் ஷீட்டில், "நோயாளி தானாகவே கோட்டை அழித்து மறுபடி வரைந்துகொண்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாக்கு ஆறியது. கழுத்துக் கட்டியின் மேல்பாதி கரைந்தது. ஏழு மாதம் கழித்துக் கீழ்ப்பாதி இருந்த இடத்தில் விரலை வைத்தேன், கல் மாதிரி இருந்தது. சென்னைக்கு அறுவை சிகிச்சைக்கு அனுப்பினேன். ரத்தக்குழாயோடு ஒட்டிவிட்டது, தொட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மூச்சுக்குத் தொண்டையில் துளை போட வேண்டி வந்தது. பேச்சு போயிற்று.

குவார்ட்டர்ஸுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. மருந்து எதுவும் கையில் இல்லை. கடற்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் பக்கத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். கழுத்துத் துணியை மனைவி மாற்றிக்கொண்டிருந்தாள். நாற்றத்துக்கு ஊதுவத்தி. அது போதவில்லை.

வாசலுக்கு வந்துதான் கேட்டாள். "டாக்டரம்மா, ஒரே ஒரு விஷயம். நான் எண்ணெய் வச்சதாலதானே?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. அவரு வேணாம் வேணாம்னாரு. நல்ல நாளும் அதுவுமா ஒரு சொட்டுன்னு நாந்தான் புடிவாதமா வச்சேன்."

"எண்ணெய் வச்சா கோடு அழியும். அழிஞ்சா அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போட்டிருப்போம். எங்கிட்ட சொல்லப் பயந்தாரு. பயமுறுத்துனது நான். நான் ஊருக்குப் போயிட்டேன், எட்டு நாள் யாரும் பாக்கல. அதுவும் என்னாலதான்."

அந்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

போனேன். ஆபீஸ் பேடை எடுத்து எழுதிக் காட்டினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து, அப்போதும் கோணவில்லை.

"இப்படித்தான் கேஸ் ஷீட்ல எழுதியிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கீழே இன்னொரு வரி எழுதினார். "எங்க ஆபீஸ்ல டிராயிங் மாறினா, யாரால, ஏன்னு எழுதணும்."

மறுநாள் காலை ரெக்கார்ட் ரூமில் அவர் ஃபைலை எடுத்து, பழைய வரியை அடிக்காமல் அதன் கீழேயே எல்லாவற்றையும் எழுதினேன். நான் பேசிய பேச்சு, டெல்லி, எட்டு நாள், யாரும் சரிபார்க்காதது. சீனியர் டாக்டர் பார்த்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா? அந்தப் பக்கத்தைக் கிழி" என்றார். கிழிக்கவில்லை. அடுத்த தீபாவளி வருவதற்கு முன்னாலேயே அந்த டிராஃப்ட்ஸ்மேன் இறந்துபோனார். எழுதிவிட்டேன் என்று அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நோட்டு முழுவதையும் சேர்த்துப் பெரிய கட்டுரையாக்கினேன். ஒரு நாளும் விடாதவர்களுக்குக் கட்டி அதிகம் திரும்பி வரவில்லை என்று காட்ட வேண்டும். அவர் ஒரு நாளும் விடாதவர். கட்டி திரும்பி வந்தவர். அவரைச் சேர்த்தால் ஏன் என்று விளக்க வேண்டும். விளக்கினால் என்னைச் சொல்ல வேண்டும். "விவரம் முழுமையாக இல்லை" என்ற பட்டியலில் அவரைத் தள்ளிவிட்டேன். அவர் விவரம் மாதிரி முழுமையான விவரம் அந்த நோட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

ஃபைலை யாரும் படிக்கவில்லை. கட்டுரையைப் படித்தார்கள். அதை வைத்துத்தான் என்னைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள்.