எரிந்த லோடு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பையன் அறிவுக்கு ராசப்பன் நாலாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் மிதிக்காமலே திருச்செங்கோட்டில் ஆறு லாரி ஓட்டுகிற ஆம்பளை, இல்லாத கொடுமைக்குப் பாக்கி வைக்கவில்லை. அறிவு மாட்டிய புது ஹார்டு டிஸ்க்கில் ராசப்பன் மகளின் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை.

காசு கேட்டு வந்தவனை ஓங்கி அறைந்தார். "இன்ஜின் மாத்துனா லோடு எங்கடா போகும், திருட்டு நாயே?"

அறிவுக்கு உதடு கிழிந்தது. அடுத்த அறை விழுமுன் அவர் கையை முறுக்கிச் சுவரோடு மோதினான்.

"டிஸ்க் இன்ஜின் இல்லீங்க, லோடு ஏத்துற பாடி! உங்க பழைய டிஸ்க் எரிஞ்சு போச்சு. எரிஞ்ச பாடியில லோடு மிஞ்சுமாங்க?"

ராசப்பனின் முதல் லாரி முன்பு பஞ்சு லோடோடு எரிந்துபோனதுதான். அது நினைவுக்கு வர, திமிறுவதை விட்டார்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி?"

"எங்கீங்க சொல்ல உட்டீங்க?"

உதட்டு ரத்தம் துடைத்த உள்ளங்கையை அறிவு நீட்டினான். ராசப்பன் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எச்சில் தொட்டு எண்ணி அதில் வைத்தார்.