கொண்டை போட்டது யார்?

எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் தேதி தெரிவது என் அத்தைக்குத்தான். மணப்பெண்ணின் தலை அவர் கைக்கு வந்தே ஆக வேண்டும். அப்பாவுக்கு அக்கா, ஊருக்குக் கொண்டை அக்கா. கடைத்தெருவில் ஓர் அழகு நிலையத்தில் வேலை. இரண்டு கைகளையும் தூக்கியபடி மணிக்கணக்காக நிற்பார். பல்லிடுக்கில் ஊசிகளைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது.

ஒரு காலை கடைக்கு நடந்து போனவரை, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த பால் வண்டி இடித்துத் தள்ளியது. வலது தோள் எலும்பு உடைந்தது. எலும்பு பிறகு கூடிவிட்டது. கை மட்டும் மார்புக்கு மேலே ஏற மறுத்தது. இடது கையால் சாப்பிடலாம், கதவைத் திறக்கலாம். கொண்டை போட முடியாது. அழகு நிலையத்து முதலாளியம்மா வந்து ஆறுதல் சொன்னார். அடுத்த வாரமே வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

அத்தை வழக்கே வேண்டாம் என்றுதான் சொன்னார். “அந்த டிரைவர் பாவம், பிள்ளைகுட்டிக்காரன். அவன் வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?”

“அவர் பையிலேருந்து யாரு கேட்டா? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. கம்பெனிதான் குடுக்கும். இதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டுறாங்க?” என்றார் வழக்கைப் பேச வந்திருந்த வக்கீலம்மா.

அன்றுதான் எனக்கும் விஷயம் புரிந்தது. சிகிச்சைக்கு ஆன செலவைக் கேட்பது ஒன்று. இனி தொழில் செய்ய முடியாமல் போனதற்குக் கேட்பது வேறொன்று. இரண்டாவது கிடைக்க வேண்டுமென்றால், கை எந்த அளவுக்கு முடங்கியிருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். கம்பெனி தன் பக்கத்து மருத்துவரையும் வைத்துப் பார்க்கச் சொல்லும். அத்தையின் பிழைப்பே அந்த இரண்டாவதில்தான் இருந்தது.

தெருவுக்கு இது வேறு மாதிரி புரிந்தது. “கொண்டை அக்காவுக்கு லாட்டரி அடிச்சிருக்கு” என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒத்திகையே கொடுத்தார். “டாக்டர் தொட்டாப் போதும், ஐயோ அம்மான்னு கூரை பிச்சுக்கிற மாதிரி கத்துங்கக்கா.” அத்தை சிரிக்கவில்லை. “நடிக்கிறேன்னு நினைச்சுடுவாங்களோ?” என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கம்பெனியின் மருத்துவரிடம் போகும் காலையில் அத்தையின் வீட்டில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி முன் அத்தை உட்கார்ந்திருக்க, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாமா பின்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு தினமும் இதுதான் நடக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது.

“இறுக்காதீங்க, இது இரும்புக் கம்பி இல்ல.”

“கம்பின்னா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்.”

“காதுகிட்ட கொஞ்சம் தளர்த்தி விடுங்க. எத்தனை தடவை சொல்றது?”

கொண்டை அன்று பிரமாதமாக அமைந்தது.

மருத்துவர் நல்லவராகத்தான் இருந்தார். கையைத் தூக்கச் சொன்னார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, முடிந்ததற்கும் மேலே தூக்கினார். வலி முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டார். நடிக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், சுகமாக இருப்பதுபோல் நடித்தார்.

“கொண்டை நல்லா இருக்கே. யார் போட்டது?” என்று எழுதிக்கொண்டே கேட்டார் மருத்துவர்.

“நான்தான்.”

வாசல் பக்கம் நின்றிருந்த மாமா தன் செருப்பைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

சில வாரங்களில் கம்பெனியின் பதில் வந்தது. தலைக்குப் பின்னால் கை கொண்டுபோய்த் தானே கொண்டை போட்டுக்கொள்கிறார். ஆகவே தொழில் பாதிக்கவில்லை. சிகிச்சைச் செலவு மட்டும் தருகிறோம்.

வக்கீலம்மா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “அக்கா, நிஜமாவே நீங்களா போட்டீங்க?”

அத்தையின் முகம் கன்றிப்போனது. “இல்ல” என்றார்.

“வலியைக் கூட்டிச் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். குறைச்சுச் சொல்லி மாட்டிக்கிட்டவங்க நீங்கதான். ரெண்டுமே வழக்கைக் கெடுக்கும்கா. விசாரணையில நீங்களே எழுந்து உண்மையைச் சொல்லணும். வேற வழி இல்ல.”

விசாரணை அறை சின்னது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, ஓரத்தில் கம்பெனி வக்கீல். பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்களின் கூட்டம்; அதில் அழகு நிலையத்துக்கு வந்துபோகும் இரண்டு பேர் வேறு.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னீங்க. பணம்னதும் கை இறங்கிடுச்சோ?” என்றார் கம்பெனி வக்கீல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அன்னிக்குச் சொன்னது பொய்ங்க.”

“ஏன் பொய் சொன்னீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

அத்தை தரையைப் பார்த்தே பேசினார். “ஊருக்கெல்லாம் தலை அலங்காரம் பண்றவ நான். என் தலையை இன்னொருத்தர் முடிஞ்சு விடுறாருன்னு சொல்ல நாக்கு வரலைங்க.”

“யார் முடிஞ்சு விடுறது?”

“என் வீட்டுக்காரர்.”

எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். கையெல்லாம் நெருப்புப் பொறி சுட்ட தழும்போடு அவர் எழுந்து நின்றார். “வெல்டிங் வேலை பார்க்கிறவரா இந்தக் கொண்டையைப் போட்டாரு?” என்று கம்பெனி வக்கீல் புருவத்தை உயர்த்தினார்.

 அத்தை இடது கையால் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இந்த முறை உடம்பைச் சாய்க்கவில்லை. கை நெஞ்சருகே நின்றுவிட்டது. அத்தனை பேர் பார்க்க அவிழ்ந்த தலையோடு நின்ற அத்தையின் காது மடல் சிவந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி தலையசைக்க, மாமா வந்து முடியை அள்ளினார். சுருட்டினார். அத்தை தன்னை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

“இறுக்காதீங்க. காதுகிட்ட தளர்த்தி விடுங்கன்னா…”

அதிகாரி பேனாவை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு அன்றே வந்துவிடவில்லை. வேறொரு மருத்துவர் பார்க்க உத்தரவானது. அவரிடம் அத்தை கையை ஏறும் இடம் வரை மட்டுமே தூக்கினார். வலித்த இடத்தில் வலிக்கிறது என்றார். தொழில் இழப்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று கம்பெனிக்கு.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது விசாரணை முடிந்து பேருந்தில் திரும்பியதுதான். அத்தை ஜன்னலோரம், பக்கத்தில் மாமா, பின் இருக்கையில் நான். பாதி வழியில் அத்தை மாமாவைப் பார்க்காமலே கேட்டார்.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னேனே. உங்களுக்குக் கோவம் வரலையா?”

“கோவமா? ஊரே மெச்சுற கொண்டை அக்கா, நான் போட்ட கொண்டையைத் தன் கைவேலைன்னு சொல்லிக்கிட்டாளே. பட்டறைக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு வாய் துறுதுறுன்னுச்சு.”

“சொன்னீங்களா?”

“இல்ல. உனக்கு வெட்கமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறங்கும் இடம் வரை அவர் இடது கை மட்டும் பின்னால் போய், அந்தக் கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.