பூட்டுக்காரரின் கார்டு

எங்கள் தெருமுனைப் பூட்டுக்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சாவித்துவாரத்தைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டை மாற்றும் முன், "வீட்டுல எத்தனை பேரு? எத்தனை சாவி வேணும்?" என்று கேட்பார். கேட்காமல் மாற்றுகிறவன் தொழில்காரனே இல்லை என்பது அவர் கட்சி.

ஒருநாள் அவர் போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. பேர் தெரியாத ஏதோ ஓர் இணையக் கடைக்கு அவர் கார்டிலிருந்து ஒரு டீ விலைகூட இல்லாத தொகை போயிருந்தது. நானாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அவர் உடனே வங்கியைக் கூப்பிட்டார்.

"இது நான் வாங்கினதில்லம்மா. எவனோ கம்பி விட்டுப் பாத்திருக்கான். திறந்துச்சுன்னா அடுத்து மொத்தமா அள்ளிருவான். முதல்ல கார்ட முடக்குங்க."

முடக்கினார்கள். பத்தாவது நிமிடம் அதே கடையில் எவனோ பெரிய டிவி ஒன்று வாங்கப் பார்த்தான். பணம் போகவில்லை என்று செய்தி வந்தது. அதற்கப்புறம் பூட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிவி கதையை என்னிடமே மூன்று முறை சொன்னார்.

நாலாவது முறை தொடங்கும்போது அவர் மனைவி போனில் கூப்பிட்டார். அந்தக் கார்டு இருந்தது மனைவியின் கைப்பையில். மளிகைக் கடையில் தள்ளுவண்டி நிறையச் சாமானோடு பில் போடும் இடத்தில் நின்றிருந்தார்.

"கார்டு வேலை செய்யலைங்க. பின்னால பெரிய வரிசை நிக்குது."

பூட்டுக்காரர் பெருமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவி முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி, பூட்ட மாத்திட்டீங்க. நம்ம வீட்டுல எத்தனை பேருங்க?"