தவளையின் வரைபடத்தில் நான் அழித்த பகுதி

பிள்ளையள், அலுமாரியில் என் பழைய பாஸ்போர்ட்டுகளோடு ஒரு அவுஸ்திரேலியா வரைபடம் கிடக்கிறது. அதன் மேல்பக்கம் அழிறப்பரால் தேய்த்துத் தாள் மெலிந்து போயிருக்கும். மூத்தவளுக்கு அது என்னவென்று தெரியும். இளையவன் அப்போது தள்ளுவண்டியில் இருந்தவன், அவனுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மூத்தவளே, நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. நோர்வேயில், ஸ்டோவ்னரில் ஒரு ஏழாம் மாடி வீட்டில் இருந்தோம். வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பிராணி கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கரடியும் திமிங்கிலமும் போக, உனக்கு வந்தது பாலைவன மரத்தவளை. அதைப் பற்றி எழுதி, அது வாழும் இடத்தை வரைபடத்தில் நிறந்தீட்டி, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தப் பெயரிலேயே சந்தேகம். பாலைவனத்தில் மரம் ஏது? மரம் இருந்தாலும் தவளைக்குத் தண்ணீர் ஏது?

"ஆர் பிள்ளை உனக்கு இதைச் சொன்னது?"

"புத்தகத்திலை இருக்குது அப்பா. கம்ப்யூட்டரிலையும் பாத்தனான்."

"ஆரின்ரை கம்ப்யூட்டர்?"

"சிநேகிதியின்ரை."

"அவையள் எப்பிடியான ஆக்கள்?"

"அப்பா, தவளையைப் பற்றிக் கேளுங்கோவன்."

கேட்டேன். பாலைவனத்திலும் இருக்கும், மழை பெய்கிற வடக்குக் கரையிலும் இருக்கும், கடலுக்கு அங்கால் நியூகினித் தீவின் தெற்கிலும் இருக்கும் என்றாய். ஆட்களின் தபால்பெட்டிக்குள்ளும் கக்கூசுக்குள்ளும் போய்க் குந்தியிருக்கும் என்றாய். கத்தினால் கடற்காகம் மாதிரிக் கேட்கும் என்றாய். பாட்ஸ்பியோர்ட் மீன்பிடித் துறைமுகத்தில் மூன்று வருடம் மீன் வெட்டினவன் நான். கடற்காகம் கத்துகிறதைப் பற்றி எனக்கே கதை விடுகிறாயோ என்று நினைத்தேன்.

"பாலைவனத் தவளை எண்டுதானே பேர்? பிறகேன் அது கரைக்குப் போனது? எப்ப போனது?"

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "இவர் தவளையிட்டையும் விசா கேப்பார்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் ஒரே கேள்வியை மூன்று தரம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எந்த ஊர், எந்த ஒழுங்கை, கோயிலுக்கு எந்தப் பக்கம் கிணறு. ஒரு சொல் பிசகினால் எல்லாமே பொய் என்று எழுதிவிடுவார்கள் என்று நடுங்கினேன். பயம் பிறகு போய்விட்டது. அப்படிக் கேட்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நீ லைப்ரரியில் எடுத்து வந்த புத்தகம் படங்கள் நிறைந்த மெல்லிய புத்தகம். அதில் தவளையின் பெயர் லிற்றோரியா ரூபெல்லா. நான் உனக்குத் தெரியாமல் அதே லைப்ரரிக்குப் போய், கண்ணில் பட்டதிலேயே தடித்ததாக ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். அதில் ஹைலா ரூபெல்லா என்று கிடந்தது. அந்தப் பக்கத்தில் என் அரைகுறை நோர்வேஜிய மொழிக்குப் பிடிபட்டது "நடுப்பகுதி, வறண்ட நிலம்" என்ற அளவுதான். அது போதும் என்று நினைத்தேன். தடித்த புத்தகம் பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் துப்புரவு வேலை முடிந்து வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. உன் வரைபடம் சுருட்டியபடி மேசையில் இருந்தது. விரித்து, கரைகளில் நீ தீட்டிய சிவப்பை எல்லாம் அழித்தேன். தீவையும் அழித்தேன். நடுவை மட்டும் விட்டேன். தலைப்பில் லிற்றோரியாவை அழித்து, உன் எழுத்து மாதிரியே ஹைலா என்று எழுதினேன். வகுப்புக்கு முன்னால் நீ தலை குனியக் கூடாது என்றுதான் செய்தேன். பிறகு பழையபடி சுருட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நீ சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வந்து அதை என் முன்னால் விரித்தாய்.

"அப்பா, இதைத் தொட்டனீங்களோ?"

"திருத்தினனான்."

"கரையெல்லாம் இருக்குது எண்டு நான் வாசிக்கிறன், மாப்பிலை நடுவிலை மட்டும் சிவப்பு. பேரும் வேற. உண்மையிலை நீதான் எழுதினனியோ, எங்கையும் பாத்தெழுதினனியோ எண்டு ரீச்சர் எல்லாருக்கும் முன்னாலை கேட்டவா."

"நீ என்ன சொன்னனி?"

"நான்தான் எண்டனான். அவ நம்பேல்லை."

அறைக்குப் போகும்போது திரும்பி நின்றாய். "எங்கடை தபால்பெட்டியிலை எத்தினை குடும்பப்பேர் ஒட்டிக் கிடக்குது அப்பா?"

மூன்று. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். அம்மாவுக்கு அவவின் அப்பாவின் பெயர். உங்களுக்கு என் பெயர். எங்கள் முறை அதுதான். இங்கே எந்தக் கவுண்டருக்குப் போனாலும் கடதாசியைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சனிக்கிழமை லைப்ரரியில் வேலை செய்கிற பெண்ணிடம் நானே போய் அந்தத் தவளையைப் பற்றிக் கேட்டேன். அவ ஒரு புதிய புத்தகத்தை எடுத்து விரித்தா. அது என்னுடையதைவிடத் தடிப்பு. அதில் இருந்த வரைபடம் நீ தீட்டியதேதான். வடக்குக் கரை, தீவின் தெற்கு, எல்லாம். முன்பெயர் கூட்டத்தின் பெயர், பின்னது அதன் சொந்தப் பெயர் என்று விளங்கப்படுத்தினா. முதலில் அதை ஐரோப்பாவிலுள்ள மரத்தவளைகளோடு ஹைலா என்ற ஒரே கூட்டத்தில் சேர்த்திருந்தார்களாம். பிறகு ஆராய்ந்து பார்த்து, அவுஸ்திரேலியாப் பக்கத்துத் தவளைகளைப் பிரித்து லிற்றோரியா என்று வேறு கூட்டமாக வைத்தார்களாம். கடற்காகத்தின் சத்தமும் அதில் எழுதிக் கிடந்தது. நான் கேட்காமலே அவ அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினா.

திங்கட்கிழமை காலமை வேலைக்கு வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். "அழிச்சது நான்தான், பிள்ளை இல்லை" என்று ரீச்சரிடம் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"பிள்ளையைக் காப்பாற்ற அப்பாமார் இப்படிச் சொல்லுவதுண்டு" என்றா, அமைதியாக.

வரைபடத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். வெளிச்சத்தில் நீ அழுத்தித் தீட்டிய கோடுகள் தெரிந்தன. கரை முழுக்க, தீவு முழுக்க. நான் எழுதிய ஹைலாவுக்குக் கீழே லிற்றோரியாவும் தெரிந்தது. அவ கனநேரம் பார்த்தா. "சரி" என்று ஒரு கொப்பியில் ஏதோ எழுதினா. நம்பினாவோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வெள்ளி நீ புது வரைபடத்தோடு திரும்ப வகுப்பில் நின்றாய். எப்படிப் போனது என்று கேட்டேன். "பறவாயில்லை" என்றாய், அவ்வளவுதான். பழைய வரைபடத்தைக் குப்பைக் கடதாசிகளுக்குள் போட்டிருந்தாய். நான் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூட வேலை எதையும் மேசையில் விட்டுப் போகவில்லை. எழுதி முடித்ததும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாய். அந்தச் சத்தம் எனக்கு மற்ற அறைக்குக் கேட்கும்.

அடுத்த மாரியில், பனி கொட்டிய ஒருநாள் மத்தியானம் வேலையால் வந்தேன். நீ அம்மாவோடும் தம்பியோடும் கடைக்குப் போயிருந்தாய். உன் பை நடையில் திறந்தபடி கிடந்தது. ஒரு தாளின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதில் ஏதோ நீல நிறத்தில் தீட்டியிருந்தாய். கடலோ வானமோ தெரியவில்லை. ஏன் நீலம் என்ற கேள்வி எனக்கு வந்ததுதான்.

நான் குனிந்து, தாளின் மூலையை மடியாமல் உள்ளே தள்ளி, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினேன்.